மாட்டின் இரத்தத்தில் கொசுவுக்கு நஞ்சு

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. 5,97,000 பேர் இறந்தார்கள். நூறு சாவுகளில் தொண்ணூற்றைந்து ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தவை. அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இத்தனைக்கும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பூச்சிமருந்து தோய்த்த கொசுவலை மகத்தான பலன் தந்திருந்தது. 2000க்கும் 2015க்கும் இடையே ஆப்பிரிக்காவில் சுமார் 66 கோடி மலேரியாக் காய்ச்சல்கள் தடுக்கப்பட்டன என்றும், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கொசுவலையால் தடுக்கப்பட்டவை என்றும் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

அதன்பின் அந்த வேகம் தளர்ந்தது. வலையில் தோய்க்கும் பைரித்ராய்டு மருந்துகளுக்குக் கொசுக்கள் ஈடுகொடுக்கப் பழகிவிட்டன என்பது ஒரு காரணம். வலை இருக்கும் இடத்துக்கே வராத கொசுக்கள் எஞ்சிவிட்டன என்பது இன்னொரு காரணம். மேற்குக் கென்யாவில் இது தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்குள் புகுந்து நள்ளிரவில் மனிதரையே கடிக்கும் அனாஃபிலஸ் காம்பியே வகை, வலைகள் பரவிய பிறகு வெகுவாகக் குறைந்தது. அதன் நெருங்கிய உறவான அனாஃபிலஸ் அராபியென்சிஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இது வெளியிலும் கடிக்கும், மனிதர் படுக்கைக்குப் போகும் முன்பும் கடிக்கும், மாடு கிடைத்தால் மாட்டிடமும் இரத்தம் குடிக்கும். வலை அதற்கு ஒரு பொருட்டில்லை.

இங்கிருந்துதான் அந்த யோசனை பிறக்கிறது. கொசு மாட்டைத் தேடிப் போகிறது என்றால், மாட்டின் இரத்தத்திலேயே அதற்கு நஞ்சு வைத்தால் என்ன? குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் கால்நடைகளுக்குப் போடும் மருந்தே அந்த நஞ்சாகட்டும் என்கிறார்கள் இந்த வழியை முன்வைப்பவர்கள். கேட்டவுடன் மனத்தைக் கவரும் யோசனை இது. கவர்ச்சியான யோசனைகளைத்தான் கூடுதல் கவனத்தோடு எடைபோட வேண்டும். குழந்தைகளின் உயிர் ஒரு பக்கம் இருக்கிறது. மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் பாலும் நிலமும் மறுபக்கம் இருக்கின்றன.

மருந்து செய்யும் வேலை

இந்த முயற்சியின் நடுநாயகமான மருந்து ஐவர்மெக்டின். ஜப்பானின் கிட்டசாட்டோ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சத்தோஷி ஓமுரா, 1970களில் இத்தோ நகரத்துக் கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகே எடுத்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரே இதன் மூலம். அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பலும் அவருடைய குழுவினரும் அதிலிருந்து மருந்தை உருவாக்கினார்கள். 1981இல் கால்நடை மருந்தாகச் சந்தைக்கு வந்தது. பிறகு ஆப்பிரிக்காவின் ஆற்றோரக் கிராமங்களில் பார்வையைப் பறித்த ஆற்றுக்குருடு நோய்க்கு மனிதருக்கும் கொடுக்கப்பட்டது. ஓமுராவும் கேம்பலும் 2015இல் பெற்ற நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூன்றாமவர், மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் மருந்தைக் கண்டறிந்த சீன அறிவியலாளர் து யூயூ.

மாட்டுக்கு இதைப் போடும் விதம் எளியது. ஒரு சதவீத ஊசிமருந்தில் ஐம்பது கிலோ எடைக்கு ஒரு மில்லி என்பது கணக்கு. இருநூற்றைம்பது கிலோ பசுவுக்கு ஐந்து மில்லி. தோளருகே தளர்வாக இருக்கும் தோலைத் தூக்கிப் பிடித்து அதனடியில் செலுத்துவார்கள். அங்கிருந்து மருந்து மெல்லக் கசிந்து இரத்தத்தில் கலக்கிறது. சில நாட்களில் உச்சத்தைத் தொட்டு, வாரக்கணக்கில் படிப்படியாக இறங்குகிறது. அந்த நாட்களில் மாட்டின் காலிலோ வயிற்றிலோ வந்தமரும் கொசு, இரத்தத்தோடு மருந்தையும் உறிஞ்சுகிறது. பூச்சிகள், புழுக்களின் நரம்பிலும் தசையிலும் குளுட்டமேட்டால் இயங்கும் குளோரைடு வாயில்கள் உண்டு. மருந்து அவற்றைத் திறந்த நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. தசை இயக்கம் முடங்குகிறது. வயிறு நிறையக் குடித்த கொசு கால் துவண்டு, பறக்க முடியாமல் விழுந்து, ஓரிரு நாளிலோ சில நாளிலோ சாகிறது. பிழைத்த கொசுவும் முன்போல் முட்டையிடுவதில்லை. பாலூட்டிகளுக்கு இந்த வாயில்கள் கிடையாது. அதனால் உரிய அளவில் மருந்து மாட்டைப் பாதிப்பதில்லை.

கொசு உடனே சாகாமல் சில நாள் கழித்துச் செத்தாலும் பயன் உண்டா? உண்டு, இந்த உத்தியின் வலுவே அதில்தான் இருக்கிறது. மலேரியா நோயாளியைக் கடித்த கொசு மறுநாளே நோயைப் பரப்பிவிட முடியாது. ஒட்டுண்ணி அதன் குடலில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியைச் சென்றடையப் பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கிறது. கிழட்டுக் கொசுதான் ஆபத்தான கொசு. ஒரு கொசு ஒருநாள் பிழைத்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு என்றால், பத்து நாளைத் தாண்டுபவை நூற்றில் முப்பத்தைந்து. அந்த வாய்ப்பு எண்பதாகக் குறைந்தால், தாண்டுபவை பதினொன்றுதான். தினசரிச் சாவில் ஏற்படும் சிறு உயர்வு, நோய் பரவலில் பெரும் சரிவாக மாறுகிறது. ஜார்ஜ் மெக்டொனால்டு 1950களில் வகுத்த கணிதம் இது. இன்றுவரை கொசு ஒழிப்பின் அடித்தளமாக நிற்கிறது.

பலங்கள்

முதல் பலம், இந்த மருந்து கொசுவை விரட்டுவதில்லை. மாட்டின் தோலில் பூசும் பைரித்ராய்டு மருந்துகளில் ஓர் அச்சம் எப்போதும் உண்டு: எரிச்சலடைந்த கொசு மாட்டை விட்டு அருகிலிருக்கும் மனிதரிடம் திரும்பிவிடுமோ என்று. இரத்தத்தில் கலந்த மருந்தைக் கொசு உணர்வதில்லை. வழக்கம்போல வருகிறது, வழக்கம்போலக் குடிக்கிறது.

இரண்டாவது, மருந்தின் இனம் வேறு. பைரித்ராய்டுக்கு ஈடுகொடுக்கும் கொசுவையும் இது வேறு வழியில் தாக்குகிறது. வலை எட்டாத வெளிவாசலிலும் மேய்ச்சல் வெளியிலும் தொழுவத்திலும் வேலை செய்கிறது. ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்துள்ள அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சியை நினைத்தால் இதன் அருமை புரியும். 2012இல் ஜிபூட்டியிலும் 2016இல் எத்தியோப்பியாவிலும் கண்டறியப்பட்ட இந்தக் கொசு, நகரத்துத் தண்ணீர்த் தொட்டிகளில் முட்டையிடுகிறது. கால்நடைக் கொட்டகைகளில் தங்கி அவற்றின் இரத்தத்தையும் குடிக்கிறது. 2022இல் எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரத்தில் ஏற்பட்ட மலேரியாப் பெருக்கில் இதற்குப் பங்கிருந்தது.

மூன்றாவது பலம் மனிதர் சம்பந்தப்பட்டது. மலேரியா ஒழிப்புத் திட்டங்கள் மக்களிடம் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன: வலையைக் கட்டு, சுவரில் மருந்தடிக்க வழிவிடு, மாத்திரையை விழுங்கு. இது கொடுக்கவும் செய்கிறது. புழுவும் உண்ணியும் நீங்கிய மாடு தேறுகிறது. வடமேற்குப் பாகிஸ்தானில் ஆப்கன் அகதிகளின் குடியிருப்புகளில் மார்க் ரோலண்டும் உடன் பணியாற்றியவர்களும் நடத்தி 2001இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. அங்கே மாடுகளின் உடலில் டெல்டாமெத்ரின் கலவையைப் பஞ்சால் தோய்த்துத் தேய்த்தார்கள். ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி தரும் மலேரியா 56 சதவீதமும் வைவாக்ஸ் என்ற இன்னொன்று தரும் மலேரியா 31 சதவீதமும் குறைந்தன. வைவாக்ஸ் ஒட்டுண்ணி ஈரலில் பதுங்கியிருந்து, புதிதாகக் கொசு கடிக்காமலே மீண்டும் காய்ச்சலைக் கொண்டுவரும். கொசுவைக் கொல்வதால் அந்தக் காய்ச்சல் நிற்காது; வைவாக்ஸில் பலன் சிறியதாக இருந்ததற்கு இது ஒரு காரணமாகலாம். வீட்டுச் சுவரில் மருந்தடிப்பதற்கு இணையான பலன், அதைவிட எண்பது சதவீதம் குறைந்த செலவில் கிடைத்தது. மாடுகளின் எடையும் பாலும் கூடியதால் மக்கள் விரும்பி ஏற்றார்கள். பொதுநலத் திட்டமொன்றில் ஏழைக் குடும்பத்துக்குக் கையில் ஏதாவது மிஞ்சுவது அரிது. அதனால் இந்த அம்சத்தை மிகவும் மதிக்கிறேன்.

சான்று எவ்வளவு தூரம் வருகிறது?

பாகிஸ்தான் ஆய்வை ஐவர்மெக்டின் ஊசிக்கான சான்றாகக் காட்டும் பழக்கம் இருக்கிறது. அது சரியல்ல. அங்கே மருந்து தோலின்மேல் இருந்தது. இங்கே இரத்தத்துக்குள் இருக்கிறது. மருந்தும் வேறு, அது தங்கும் காலமும் வேறு. கால்நடைக்கு மட்டும் உள்மருந்து கொடுத்து, அதனால் மனிதருக்கு மலேரியா குறைந்தது என்று பெரிய அளவில் நிறுவிய ஆய்வு இன்னும் வரவில்லை. பர்கினா ஃபாஸோ, கென்யா, வியட்நாம் எனப் பல இடங்களில் மருந்தேற்றிய மாட்டிடமோ எருமையிடமோ இரத்தம் குடித்த கொசுக்கள் சாவதைக் கண்டிருக்கிறார்கள். அதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வறையில் கொசு சாவதும் ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் வராமலிருப்பதும் வேறு வேறு செய்திகள்.

மனிதருக்கே ஐவர்மெக்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் இந்த இடைவெளியை நன்கு உணர்த்துகின்றன. பர்கினா ஃபாஸோவில் நடந்த முதல் ஆய்வில் சிறு குழந்தைகளின் மலேரியா இருபது சதவீதம் குறைந்ததாக 2019இல் அறிவித்தார்கள். அதே நாட்டில் கூடுதல் அளவு மருந்தோடு நடந்த அடுத்த ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. கினி பிசாவின் பிஜாகோஸ் தீவுகளில் மலேரியா மருந்தோடு சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் நன்மை தென்படவில்லை. கென்யாவின் குவாலேயில் நடந்த பொஹீமியா ஆய்வோ, ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் 26 சதவீதக் குறைவைக் கண்டதாக 2025இல் சொன்னது. ஒரே மருந்து, ஊருக்கு ஊர் வெவ்வேறு தீர்ப்பு. அதே பொஹீமியா திட்டம் மொசாம்பிக்கின் மொப்பேயாவில் மனிதரோடு கால்நடைகளுக்கும் மருந்து கொடுத்துப் பார்க்கத் திட்டமிட்டது. 2022இல் வீசிய கோம்பே புயலும் பின்வந்த காலராவும் அந்த முயற்சியைக் குலைத்துவிட்டன. நமக்கு மிகவும் தேவைப்பட்ட விடை அங்கே தெளிவாகக் கிடைக்காமல் போனது.

குறைகள்

முதற்குறை கொசுவின் நாக்கைப் பற்றியது. ஒட்டுண்ணி முதிரும் காலத்துக்குள் ஒரு கொசு நான்கு வேளையாவது இரத்தம் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி மாட்டிடம் என்றால், எல்லா மாடும் மருந்தேற்றப்பட்ட ஊரில் நான்கு வேளையும் மாட்டைத் தொடாமல் தப்பும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. இருபது வேளைக்கு ஒரு வேளைதான் மாடு என்றாலோ, நூற்றுக்கு எண்பத்தோரு கொசு தப்பிவிடும். ஆப்பிரிக்காவின் மிகக் கொடிய மலேரியாக் கொசுக்களான அனாஃபிலஸ் காம்பியேயும் அனாஃபிலஸ் ஃபுனெஸ்டசும் இந்த இரண்டாம் வகை. மாடு பக்கத்திலிருந்தாலும் மனிதரையே நாடுபவை அவை. அவை ஆளும் ஊரில் தொழுவமெங்கும் ஊசி போட்டும் பயன் சொற்பம்.

மாடு விரும்பும் கொசு ஆளும் ஊரிலும் முழுமை வேண்டும். பாதி மாடுகளுக்குத்தான் மருந்து சேர்ந்தது என்றால், மேலே சொன்ன கணக்கில் பதினாறில் ஒன்று என்பது ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். மேய்ச்சலுக்கு நெடுந்தூரம் போகும் மந்தை, பதிவேட்டில் ஏறாத ஆடு, தெருவில் திரியும் மாடு, வெளியூரிலிருந்து வரும் கால்நடை என எல்லாம் சேர்ந்தது ஒரு கிராமம். மருந்தேறாத மாடு சும்மா நிற்பதுமில்லை. கொசுவுக்கு உணவளித்து அதன் பெருக்கத்துக்கு உதவுகிறது. வீட்டருகே மாட்டைக் கட்டினால் கொசு திசைதிரும்பி மனிதர் பிழைப்பார்கள் என்று ஒரு காலத்தில் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. பாகிஸ்தானில் நடந்து 1995இல் வெளியான ஆய்வு, மாடு வளர்க்கும் குடும்பங்களில் மலேரியா கூடுதலாக இருப்பதைக் காட்டி அந்த நம்பிக்கையை அசைத்தது. அரைகுறையாக நடக்கும் ஊசித் திட்டம் அந்தப் பழைய ஆபத்தை அப்படியே விட்டுவைக்கும்.

இரண்டாம் குறையைக் கால்நடை மருத்துவர்கள் உடனே சுட்டிக்காட்டுவார்கள். மாட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குடற்புழு நீக்கினால் போதும். கொசுவைக் கொல்ல, மலேரியாப் பருவம் முழுவதும் மாதந்தோறுமாவது மருந்து வேண்டும். புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடாமலிருக்க, சில கால்நடைகளுக்கு வேண்டுமென்றே மருந்து கொடுக்காமல் விட்டு, மருந்துக்கு மடியும் புழுக்களையும் வாழவிடும் உத்தியைக் கால்நடை அறிவியல் வளர்த்திருக்கிறது. கொசு ஒழிப்போ ஒரு மாட்டையும் விடாதே என்கிறது. இரண்டு அறிவியல்களும் ஒரே தொழுவத்தில் நேருக்கு நேர் மோதுகின்றன. இது கற்பனைக் கவலையல்ல. ஆடுகளின் இரத்தத்தை உறிஞ்சும் ஹேமான்கஸ் புழு உலகின் பல பகுதிகளில் ஐவர்மெக்டினுக்கு மசிவதில்லை. பிரேசிலில் மாட்டு உண்ணியும் அந்த நிலையை எட்டிவிட்டது. மனிதரின் மலேரியாவுக்காக ஆட்டுக்காரரின் கடைசி மருந்தைச் செலவழித்துவிட்டால், அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது?

மூன்றாவது பால். ஐவர்மெக்டின் கொழுப்பில் கரைவது. கறவை மாட்டுக்குப் போட்டால் பாலில் வரும். அதனால் மக்கள் குடிக்கும் பாலைத் தரும் மாடுகளுக்கு இதை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதிப்பதில்லை. ஊசி போட்ட மாட்டை இறைச்சிக்கு அனுப்பவும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்க மேய்ச்சல் சமூகங்களில் குழந்தையின் அன்றாட உணவே பால். மாதந்தோறும் மருந்து போட்டு, மாதம் முழுவதும் பாலைக் கொட்டு என்று எந்தத் தாயிடம் சொல்ல முடியும்? முதுகுத்தண்டின் மேல் ஊற்றும் எப்ரினோமெக்டின் என்ற மருந்து பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. கறந்த பாலை உடனே பயன்படுத்தலாம். ஆனால் விலை கூடுதல். மேற்குக் கென்யாவில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லியையும் மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் ஐரோப்பாவில் கோழிமுட்டையில் ஃபிப்ரோனில் இருந்ததற்காகக் கோடிக்கணக்கான முட்டைகளைத் திரும்பப் பெற்றதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பியரின் முட்டையில் இருக்கக்கூடாத மருந்தை ஆப்பிரிக்கக் குழந்தையின் உணவுக்கு அருகில் கொண்டுபோக நினைப்பவர்கள், அது பாதுகாப்பானது என்பதை முதலில் ஐயமற நிறுவ வேண்டும்.

நான்காவது சாணம். மாட்டின் உடலில் ஏறிய ஐவர்மெக்டினில் பெரும்பகுதி சாணத்தோடுதான் வெளியேறுகிறது. அங்கேயும் அது பூச்சிக்கொல்லியாகவே இருக்கிறது. சாணத்தைத் துளைத்து, உருட்டி, மண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் சாண வண்டுகளின் புழுப்பருவம் அதில் மடிகிறது. மருந்து கொடுத்த கன்றுகளின் சாணம் பூச்சியரிக்காமல், மக்காமல் மேய்ச்சல் நிலத்திலேயே கிடந்ததை இங்கிலாந்தில் வாலும் ஸ்டிராங்கும் 1987இலேயே நேச்சர் இதழில் எழுதினார்கள். மருந்து கலந்த சாணம் நீரில் சேர்ந்தால் டாஃப்னியா போன்ற நுண்ணிய நீர்வாழ் உயிர்கள் மிகச் சிறிய அளவிலேயே மடியும். உரத்துக்குக் காசில்லாத விவசாயிக்குச் சாண வண்டு கூலி கேட்காத உழைப்பாளி. அதை இழப்பதும் செலவுதான்; எந்தத் திட்ட அறிக்கையின் செலவுக் கணக்கிலும் ஏறாத செலவு.

மாட்டுக்குப் போட்ட மருந்து மாட்டோடு நிற்காது என்பதை நம் இந்தியாவைவிடக் கசப்பாகக் கற்றுக்கொண்ட நாடு இல்லை. வலிக்காக மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அவை மறைந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தோம். இன்று தமிழ்நாட்டின் மாயாறுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் சிறு கூட்டத்தைக் காக்கப் போராடிக்கொண்டிருக்கிறோம். ஐவர்மெக்டின் வேறு மருந்து, அதன் தீங்கும் வேறு. ஆனால் போடும் முன்பே அது போகுமிடம் எல்லாவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும் என்ற பாடம் இதற்கும் பொருந்தும்.

எங்கே, எப்படி?

இவ்வளவு குறைகளையும் எடுத்துவைத்த பிறகும் இந்த உத்தியைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வலையும் சுவர் மருந்தும் எட்டாத கொசுவுக்கு வேறு ஆயுதங்கள் நம்மிடம் அதிகம் இல்லை. எல்லா ஊருக்கும் ஒரே திட்டம் என்று இறங்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

முதலில் அந்தந்த ஊர்க் கொசுவின் வயிற்றைச் சோதிக்க வேண்டும். இரத்தம் குடித்து ஓய்ந்திருக்கும் கொசுக்களைப் பிடித்து, அது எந்த விலங்கின் இரத்தம் என்று பார்ப்பது பழகிய ஆய்வக வேலை. மாட்டிரத்தம் கணிசமாக இருக்கும் ஊரில் மட்டும் அடுத்த அடியை வைக்கலாம். கறவை மாடுகளுக்குப் பாலில் அதிகம் கலக்காத மருந்து, காளைகளுக்கும் கிடேரிகளுக்கும் ஐவர்மெக்டின் என்று பிரிக்கலாம். சில மாடுகளுக்குத் தோலில் மட்டும் மருந்து பூசுவதும் வழியே. உகாண்டாவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயை ஒடுக்க, மாட்டின் காலிலும் வயிற்றிலும் மட்டும் மருந்தடித்துச் சிக்கனமாகச் செய்திருக்கிறார்கள். மலேரியாப் பருவத்தின் உச்ச மாதங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மருந்தின் செலவையும் பால், இறைச்சி இழப்பையும் சுகாதாரத் துறை ஏற்க வேண்டும். பயன் பொதுவென்றால் சுமையும் பொதுவாக இருப்பதே நியாயம். கொசுவலைக்கான பணத்திலிருந்து ஒரு காசும் இதற்குத் திருப்பப்படக்கூடாது.

இலங்கையின் அனுபவமும் இங்கே நினைவில் நிற்க வேண்டும். அங்கே மலேரியாவைப் பரப்பிய அனாஃபிலஸ் குலிசிஃபேசிஸ் மாட்டை மிகவும் நாடும் கொசு. 1934-35 கொள்ளைநோயில் சுமார் எண்பதாயிரம் பேரைக் காவுகொண்டதும் அதுவே. இந்த உத்திக்கு இதைவிடப் பொருத்தமான கொசு இருக்க முடியாது. ஆனால் மாட்டுக்கு ஊசி போடாமலேயே, காய்ச்சல்காரரைத் தேடிக் கண்டறிந்து சிகிச்சை தந்து, சுவரில் மருந்தடித்து, வலை கொடுத்து, போர்க்காலத்திலும் கண்காணிப்பைக் கைவிடாமல் அந்த நாடு 2012க்குப் பிறகு உள்ளூர்த் தொற்றே இல்லாத நிலையை எட்டியது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வேரூன்றிய பொதுச் சுகாதார அமைப்பு இருக்கும் இடத்தில் புதிய உத்தி துணைக்கு வரலாம். அமைப்பே இல்லாத இடத்தில் எந்த ஊசியும் அதற்கு மாற்றாகாது.

ஆகவே இப்போது செய்ய வேண்டிய வேலை தெளிவாக இருக்கிறது. மாடு விரும்பும் கொசு ஆளும் ஒரு வட்டாரத்தைத் தேர்ந்து, குழந்தைகளின் காய்ச்சலையும் பாலில் உள்ள மருந்தையும் சாணத்தில் வாழும் வண்டுகளையும் குடற்புழுவின் எதிர்ப்பையும் ஒரே ஆய்வில் சேர்த்து அளக்க வேண்டும். மருத்துவரும் கால்நடை மருத்துவரும் பூச்சியியலாளரும் ஒரே மேசையில் அமர்ந்து அந்த ஆய்வை வடிவமைக்க வேண்டும். மாட்டுக்காரரும் அந்த மேசையில் இருக்க வேண்டும். கொசுச் சாவை மட்டும் எண்ணிக்காட்டும் இன்னொரு ஆய்வறைச் சோதனை நமக்கு வேண்டாம். குழந்தைகள் பிழைத்தார்களா, அதற்காக மந்தையும் நிலமும் எவ்வளவு கொடுத்தன என்ற இரண்டு கேள்விக்கும் சேர்த்தே விடை வர வேண்டும். அந்த விடை வரும்வரை இந்த உத்தியை நம்பிக்கை தரும் சோதனை என்று சொல்லலாம். தீர்வு என்று விற்கக்கூடாது.